“அம்மா வந்தாச்சு” என்று சொல்வதற்கு முன்

“அடுத்தவன் பிள்ளைக்குக் கால் கழுவி விடுறதுக்காடி டிகிரி வாங்குன?”

என் அத்தை கேட்ட கேள்வி இது. குழந்தைப் பராமரிப்பு மையத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எங்கள் ஊரான பாலோவில், வீட்டில் நான் சொன்னதும், குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். டாக்டர் இல்லாவிட்டாலும் ஒரு கவர்மெண்டு ஆபீஸ் நாற்காலியாவது கிடைக்கும் என்று அத்தை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“ஆமா அத்தை. கழுவிக்கிட்டே அதுங்க என்னா நெனைக்குதுங்கன்னு கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் டிகிரி” என்றேன்.

அம்மா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பதிலை நினைத்து இன்றுவரை எனக்குப் பெருமைதான்.

மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். பால் கலக்குவது, காய்ச்சல் பார்ப்பது, அழுகிற பிள்ளையைத் தூங்க வைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நம் கையில் இருக்கும் போனைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை. “அடிக்கடி படம் அனுப்புங்க, பேரண்ட்ஸ் ஹேப்பியா இருப்பாங்க” என்பதோடு முடித்துவிடுவார்கள்.

நம் பிள்ளைகளின் பெற்றோர் பாதிப் பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன்பே எல்லைப் பாலம் தாண்டிவிடுவார்கள். கஸ்டம்ஸ் நெரிசலில் நின்று திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அவர்கள் தங்கள் பிள்ளையை விழித்த கண்ணோடு பார்ப்பது பெரும்பாலும் நாம் அனுப்பும் படத்தில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு நாள் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக், பலூன், தொப்பி. எங்களில் ஒருவர் அழகாக ஒரு படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இதயமும் கைதட்டலும் வந்து குவிந்தன. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. மித்ராவின் அம்மா பிரேமா. சிங்கப்பூரில் கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மித்ராவுக்கு அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது.

“டீச்சர், மித்ரா ஏன் அந்த ஓரத்துல தனியா இருக்கா?”

எனக்குப் புரியவில்லை. “எந்த ஓரம்கா?”

“படத்துல, டீச்சர். பலூனுக்குப் பின்னாடி. செவுத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். ஒரு முதுகும் ஒரு பூப்போட்ட சட்டையும் மட்டும் தெரிந்தன. மித்ரா சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த அறையிலேயே சந்தோஷமாக இருந்த பிள்ளை அவள்தான். அதைச் சொன்னேன். பிரேமா நம்பவில்லை. கழிப்பறையில் நின்று பேசுகிறார் என்பது தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது. குரல் உடைந்திருந்தது.

படத்தின் நடுவில் இருக்கிற பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். ஓரத்தில் இருக்கிற பிள்ளையை அதன் அம்மா மட்டும் பார்ப்பாள். அன்றிலிருந்து அனுப்புவதற்கு முன் படத்தின் நான்கு மூலைகளையும் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

“ஒங்க பிரேக் எப்ப?” என்று கேட்டேன்.

“மத்தியானம். சாப்பாட்டு நேரம்.”

“மையத்து டேப்லெட்டுக்கு வீடியோ கால் போடுங்க. நீங்களே பாருங்க, பல்லியையும் சேத்து.”

அழுகையோடு ஒரு சிரிப்பு வந்தது. அப்படித்தான் அந்த அழைப்பு தொடங்கியது.

எங்கள் மேடம் அனுமதித்தார். அவர் மையத்தின் உரிமையாளர். பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பானவர், நல்லவர். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியில் இருக்கும் டேப்லெட் பாட்டுப் பாடும். உடனே கக் ரோஸ், “அம்மா வந்தாச்சு! மித்ரா, அம்மா வந்தாச்சு!” என்று கூவுவார். ‘கக்’ என்றால் மலாயில் அக்கா; ரோஸ் மலாய்க்காரர், எங்களில் அதிக அனுபவம் உள்ளவர். அவருக்கு ஒரு கைப்பிடித் தமிழ்தான் தெரியும். அந்தக் கைப்பிடியில் இந்தச் சொல்தான் எல்லாவற்றையும்விட அழகாக வரும். மித்ரா சோற்றுக் கையோடு ஓடுவாள். திரையில் பிரேமா தலையில் வலைத் தொப்பியோடு, ஒரு கையில் ரொட்டியோடு இருப்பார். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

மித்ரா முதல்முறை “மா” என்று சொன்னதும் அந்த அழைப்பில்தான். பிரேமாவோடு வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் திரைக்குள் தலையை நுழைத்துக் கத்தினார்கள்.

பிரேக் முடிந்ததும் பிரேமா சொல்வார்: “அம்மா போயிட்டு வர்றேன்டா தங்கம்.” திரை கறுத்துவிடும்.

சில வாரங்கள் கழித்து ஒரு விஷயம் தொடங்கியது. அழைப்பு முடிந்த பிறகு மித்ரா விளையாடப் போவதில்லை. டேப்லெட் இருக்கும் அலமாரிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். மேலே பார்ப்பாள். தூக்கி வந்தால் திரும்பிப் போவாள். கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பாள், அப்புறம் அழுவாள், அப்புறம் அங்கேயே தரையில் தூங்கிவிடுவாள்.

“போன் பைத்தியம் புடிச்சிருச்சு” என்றார் ஒரு டீச்சர். “இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான் லா.”

மேடமும் கவனித்தார். “இது ஸ்கிரீன் அடிக்‌ஷன். நாமே பழக்கிவிட்டோம். இந்த வாரத்தோடு அழைப்பை நிறுத்திவிடுங்கள்” என்றார். மற்ற பெற்றோர் எங்கள் மையத்தைத் தேடி வருவதே இங்கே பிள்ளைகளுக்குத் திரை காட்டுவதில்லை என்பதால்தான். மேடம் சொன்னதைத் தவறு என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு ஏதோ ஒன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மித்ரா அலமாரிக்கு அடியில் அழுதபோது டேப்லெட்டை எடுத்து ஒரு கார்ட்டூன் போட்டுக் காட்டினேன். திரைக்கு அடிமையான பிள்ளை என்றால் அதோடு அமைதியாகிவிடும். மித்ரா அந்த ஆடும் முயலைப் பார்த்தாள். பின் டேப்லெட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். முயல்தான் இருந்தது. முகத்தைச் சுளித்து இன்னும் பலமாக அழுதாள்.

முயலுக்குப் பின்னால் அவள் யாரையோ தேடினாள்.

பிரேமாவிடம் மேடத்தின் முடிவைச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்குத்தான் வந்தது. போனில் சொன்னேன். 

“அந்தப் பிரேக்குக்காகத்தான் டீச்சர் நான் காலையில எந்திரிக்கிறேன்” என்றார். “அது இல்லேன்னா நான் ரிசைன் பண்ணிட்டு வந்துடறேன். என் புருசனும் சரின்னுதான் சொல்லுவாரு. ஆனா எனக்கு அந்த வேலை புடிச்சிருக்கு. லைன் லீடர் ஆக்கப்போறாங்க. எங்க வூட்டுல அப்படி யாரும் ஆனதில்ல.”

அந்தக் கடைசி வார்த்தை என்னை என்னவோ செய்தது. ஒரு வீட்டின் முதல் ஆளாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பிள்ளையா, வேலையா என்று நம்மிடம் எல்லாரும் கேட்பார்கள். நாமும் ஒரு டேப்லெட்டைக் காரணம் காட்டி அதையே கேட்கப்போகிறோமா?

“நேர்ல வாங்கக்கா. மேடத்துக்கிட்ட சேர்ந்து பேசலாம்” என்றேன்.

வெள்ளிக்கிழமை பிரேமா லீவு போட்டுவிட்டு வந்தார். பகல் நேரத்தில் அவர் எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல்முறை. தினமும் காலையும் மாலையும் மித்ராவைக் கொண்டுவந்து கூட்டிப்போவது அவர் கணவர்தான். நானும் மேடமும் வாசலருகே நின்றிருந்தோம். மித்ரா அறையின் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரேமாவைப் பார்த்ததும் கக் ரோஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“மித்ரா! அம்மா வந்தாச்சு!”

மித்ரா துள்ளி எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஓடினாள்.

அலமாரிக்கு ஓடினாள்.

வாசலில் குனிந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்ற பிரேமா அப்படியே நின்றார். மித்ரா அலமாரிக்குக் கீழே நின்று மேலே கையைத் தூக்கி, “மா! மா!” என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

“அலாமாக்” என்றார் கக் ரோஸ், ஐயோ என்பதுபோல் மெதுவாக.

பிரேமா நிமிர்ந்தார். “வூட்டுலயும் இப்படித்தான் டீச்சர்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “லீவு நாள்ல பக்கத்துலயே உக்காந்திருப்பேன். என் மடியிலதான் இருப்பா. எறங்கிப் போயி என் போன எடுத்துக்கிட்டு வந்து, ‘மா’ன்னு எங்கிட்டயே நீட்டுவா. நாங்க சிரிச்சோம். எனக்குப் பேரே இல்ல, டீச்சர். அது அவளுக்கு அந்தப் பொட்டியோட பேரு.”

மேடம் என்னைப் பார்த்தார். “நான் சொன்னேன் இல்லையா” என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அலமாரியை நோக்கி நடந்தார். டேப்லெட்டை எடுத்து உள்ளே பூட்டப் போகிறார் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில் யோசிப்பதற்குப் பெரிதாக இடம் இல்லை. இத்தனை நாளும் அந்தப் பிள்ளையிடம் நாங்கள் என்ன சொன்னோம் என்பது ஒரே மூச்சில் எனக்குப் புரிந்தது. டேப்லெட் பாடியபோதெல்லாம் “அம்மா வந்தாச்சு” என்றோம். யாரும் வரவில்லை. அந்தப் பெட்டிதான் வந்தது. அது போகும்போது, “போயிட்டு வர்றேன்” என்றது. நம் ஊரில் யார்தான் “போறேன்” என்று சொல்வார்கள்? அப்படிச் சொன்னால் திரும்பி வராததுபோல் ஆகிவிடும் என்று, திருட்டுத்தனமாகக் கடைக்குப் போகிறவன்கூட “போயிட்டு வர்றேன்” என்றுதான் சொல்வான். அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பியது. வருகிறேன் என்று சொன்ன அம்மா எங்கிருந்து போனாளோ அங்கிருந்துதானே வரவேண்டும்? தினமும் மத்தியானம் அலமாரிக்குக் கீழே அது உட்கார்ந்தது திரைக்காக இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அம்மா வருவாள் என்று காத்திருந்தது.

“மேடம், பூட்டாதீங்க. இப்ப எடுத்து வச்சா அவளுக்கு அம்மாவைப் பூட்டுனமாதிரி” என்றேன்.

மேடம் நின்றார். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல்முறை. “பிறகு என்ன செய்யலாம் என்கிறாய்?”

“அக்கா, அங்கயே நின்னு இந்த டேப்லெட்டுக்குக் கால் பண்ணுங்க.”

“இங்கிருந்தா?”

“ஆமாக்கா. பண்ணுங்க.”

டேப்லெட் பாடியது. கக் ரோஸ் வாய் திறக்கப் போனார். “ஜங்கான் சக்காப், கக்” என்றேன், பேசாதீர்கள் என்று. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். டேப்லெட்டை எடுத்து, தரையில் மித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் பிரேமா. வலைத் தொப்பி இல்லாமல், மஞ்சள் சட்டையில்.

“தங்கம்” என்றது திரை. “தங்கம்” என்றது வாசலும், ஒரு நொடி முந்தி.

மித்ரா திரும்பினாள். வாசலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். இரண்டிலும் மஞ்சள் சட்டை.

“பேசிக்கிட்டே மெல்ல வாங்கக்கா. போன எறக்காதீங்க.”

பிரேமா பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பல்லி எங்கே, சோறு எங்கே, பூனை எங்கே என்று ஏதேதோ கேட்டுக்கொண்டு வந்தார். அருகில் வந்ததும் மண்டியிட்டார். டேப்லெட்டை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டு பிரேமா, ஒரு மித்ரா.

மித்ரா விரலை நீட்டித் திரையில் தெரிந்த மூக்குத்தியைத் தொட்டாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி தொட்டாள். வழுக்கியது. அடுத்து விரலைத் தள்ளி நிஜ மூக்குத்தியைத் தொட்டாள். அது நின்றது. பிடித்து ஒரே இழுப்பு.

“ஆ! ஏ குட்டி, மூக்கப் பேத்துடாத!”

கக் ரோஸ் கெக்கலித்துச் சிரித்தார். மேடமும் சிரித்துவிட்டார். மித்ராவுக்கு நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது, அவளும் சிரித்தாள். பிரேமா போனைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை இறுக்கிக்கொண்டார். நான் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். அவள் அதைத் தேடவில்லை. அம்மாவின் தோளில் வாயை வைத்துச் சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் மேடத்தோடு உட்கார்ந்து பேசினோம். அழைப்பை நிறுத்தப்போவதில்லை, நம் பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது. டேப்லெட் பாடினால் இனி “அம்மா கூப்பிடுறாங்க” என்றுதான் சொல்லவேண்டும். “வந்தாச்சு” என்பது வாசலில் கால் வைக்கிற ஆளுக்கு மட்டும். கக் ரோஸ் “கூப்பிடுறாங்க”வைச் சொல்லிப் பழகிய அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

முடிக்கிற சொல்லில்தான் சிக்கல் வந்தது. “‘போயிட்டு வர்றேன்’ வேண்டாம்கா, நீங்க அங்கிருந்து வரப்போறதில்லையே” என்றேன்.

பிரேமா பதறினார். “அதுக்காக ‘போறேன்’னு சொல்லச் சொல்றீங்களா டீச்சர்? என் வாயால எப்படி லா பிள்ளைக்கிட்ட அப்படிச் சொல்றது?”

மேடம் படித்தவர், இருந்தாலும் தலையை ஆட்டினார். “அது கூடாது” என்றார். எனக்கும் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பட்டம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

வழியைக் கண்டுபிடித்தது பிரேமாதான். “எங்க அப்பாவுக்கு போன் பண்ணா எப்படி முடிப்பேன்? ‘சரிப்பா, வெக்கிறேன்’னுதானே? அதையே சொல்லிட்டாப் போச்சு.”

அதுவே வழக்கமாகிவிட்டது. “அம்மா போன வெக்கிறேன்டா. நீயும் வை” என்பார். மித்ரா தன் கையால் டேப்லெட்டைக் கவிழ்ப்பாள். அம்மா மறைந்துபோவதில்லை, அவளே பேச்சை முடிக்கிறாள். முதல் சில நாள்கள் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் பிரேமாவிடமிருந்து குரல்செய்தி வந்தது. அவர் எதுவும் பேசவில்லை. தண்ணீர் விழும் சத்தம், ஒரு சட்டி வைக்கும் சத்தம், தூரத்திலிருந்து ஒரு “மா”. இன்னும் கிட்டத்தில் ஒரு “மா”. பிறகு பிரேமா, மிகச் சாதாரணமாக, ஆனால் சாதாரணமாக இருக்க எவ்வளவு பாடுபடுகிறார் என்று தெரிய: “என்னடா?”

அதை நானும் கக் ரோஸும் மாறி மாறிக் கேட்டோம். அழித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

பிரேமா இப்போது லைன் லீடர். அவருக்குக் கீழே இருக்கும் பெண்களில் இன்னும் சிலர் தங்கள் பிள்ளைகளை நம் மையத்தில் விட்டிருக்கிறார்கள். அவர்கள் அழைக்கும்போது நீங்கள்தான் டேப்லெட்டைப் பிடிக்கப்போகிறீர்கள். பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். உங்கள் போனைப் பையில் போட்டுவிடுங்கள். நடுவில் புகுந்து “பாட்டுப் பாடிக் காட்டு, அம்மாவுக்கு டான்ஸ் ஆடிக் காட்டு” என்று பிள்ளையை வேடிக்கைப் பொருளாக்காதீர்கள். அது சும்மா சோறு தின்னட்டும். அம்மா அதைத்தான் பார்க்க வந்திருக்கிறாள். பாருங்கள், “வந்திருக்கிறாள்” என்று நானே எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடும், கவனம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பிரேமாவின் தொழிற்சாலை பஸ் நம் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் கடைவரிசையில்தான் வந்து நிற்கும். நம் மையம் அதற்கு முன்பே மூடிவிடும். மித்ராவை அப்பா கூட்டிப்போய்க் குளிக்க வைத்து, ஊட்டிவிடுவதற்குள் அவள் கண் சொருகிவிடுகிறது. அம்மா வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை தூக்கத்தில். எவ்வளவு நல்ல அழைப்பாக இருந்தாலும் அதில் மூக்குத்தி வழுக்கத்தான் செய்யும்.

மத்தியானத் தூக்கத்தைத் தள்ளிவைத்து, கடைசி பஸ் வரும்வரை மையத்தைத் திறந்து வைக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். ஆள் போதாது, குடியிருப்பு வீட்டில் நடக்கிற மையத்தை அவ்வளவு நேரம் திறந்து வைக்க முடியாது என்றார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. “நீ தனியாக ஒரு மையம் தொடங்கிச் செய்வதாக இருந்தால் செய். நான் சிபாரிசு எழுதித் தருகிறேன்” என்றார்.

அதனால்தான் இந்த மாதத்தோடு உங்களிடமிருந்து விடைபெறுகிறேன். அந்தக் கடைவரிசையில் தரைத்தளத்தில் ஒரு கடையை மையத்துக்காக வாடகைக்கு எடுத்துவிட்டேன். சமூகநல இலாகாவில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று, தீயணைப்புத் துறை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கக் ரோஸும் என்னோடு வருகிறார்.

கடையின் முன்பக்கத்தில் பழைய இரும்பு ஷட்டர் இருந்தது. அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிக் கதவு போடச் சொன்னேன். நேற்று மாட்டிவிட்டார்கள். உள்ளே மண்டியிட்டு, ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தேன். பஸ் நிற்கும் இடமும், இறங்குகிறவர்களின் முகமும் நன்றாகத் தெரிகின்றன.